அடுத்த சீட்டு

மதினி,

இரண்டு நாளாக எனக்கு நிஜமாகவே இருமல். அண்ணன் நொச்சியிலை போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "ஏலே, யாரு சீட்ட எட்டிப் பாத்துட்டு இருமுற?" என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தோம். போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வாலிபர் சங்கத்து ஓட்டுக் கொட்டகைதான் தெரிந்தது.

ரோட்டுப் பாலம் திறந்து தீவுக்குள் பஸ் வரத் தொடங்கிய புதிது. மாதா கோயில் திருவிழாவுக்காக யாரும் கடலுக்குப் போகாத வாரம். வாலிபர் சங்கத்தில் ரம்மிப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு புது நைலான் வலை. நம் வலை பாறையில் மாட்டிக் கிழிந்து, ஒட்டுப் போடக்கூட லாயக்கில்லாமல் கிடந்தது. பரிசு கிடைத்தால் அண்ணன் சொந்த வள்ளத்தில் போவான், இல்லையென்றால் ஊரான் வள்ளத்தில் கூலிக்கு ஏற வேண்டும். அவன்தான் பேர் கொடுத்திருந்தான். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கரையில் மீன் பிரிக்கும்போது திருக்கை முள் குத்தி அவன் கை வீங்கிப்போனது. சீட்டைப் பிடிக்க முடியவில்லை.

ஆம்பளைகள் மட்டுமே உட்காரும் அந்தக் கொட்டகைக்குள் நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தீர்கள். "பேரு குடுத்தது ஆளு இல்ல, வீடு. வீட்லருந்து நான் வந்திருக்கேன்." தலையைச் சொறிந்துகொண்டே உங்களுக்கு இடம் விட்டார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் வள்ளத்துக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் மணலில் சாக்கை விரித்து ரம்மி ஆடுவது அந்த ஆம்பளைகளுக்கு எங்கே தெரியும்? ஒவ்வொருவராகத் தோற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். வெயில் தாழ்ந்தபோது மிச்சம் இருந்தது நீங்களும் ஐஸ் பாக்டரி மேனேஜரும்தான். நான் உங்களுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தேன்.

பாயிண்ட் இருநூற்றொன்றைத் தொட்டால் அவுட். உங்களுக்கு நூற்றெழுபது ஏறியிருந்தது, அவருக்கு நூறுகூட இல்லை. சீட்டு சரியில்லை என்றால் தொடக்கத்திலேயே கவிழ்த்து வைத்து 'ஸ்கூட்' சொல்லலாம், இருபதோடு போய்விடும். ஆடித் தோற்றால் சேராத சீட்டெல்லாம் கணக்கில் ஏறும். எட்டிப் பார்த்தேன். உங்கள் கையில் ஒரு ஜோக்கர். ஆட்டின் சீட்டில் ஆறும் ஏழும் ஓர் ஐந்துக்கோ எட்டுக்கோ காத்துக்கிடந்தன. மோசமென்றும் சொல்ல முடியாது, நம்பி இறங்கவும் முடியாது. ஸ்கூட் போங்கள் மதினி என்று மனசுக்குள் கத்தினேன். அது உங்களுக்குக் கேட்கவில்லை. அதனால் இருமினேன்.

நீங்கள் திரும்பக்கூட இல்லை. "சளியா தம்பி? வெளிய போயி இருமிட்டு வாங்க."

கொட்டகையே சிரித்தது. மேனேஜர் கேட்டார், "என்னக்கா, ஸ்கூட்டா, ஆட்டமா?"

வாசலில் கையில் கட்டுப் போட்டு நின்ற அண்ணனை ஒரு தரம் பார்த்தீர்கள். "ஆட்டம்" என்றீர்கள்.

ஐந்தும் வரவில்லை, எட்டும் வரவில்லை. நாலைந்து சுற்றிலேயே மேனேஜர் டிக் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். உங்கள் கணக்கு இருநூற்றொன்றைத் தாண்டியது. வலை போனது. எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டுக் கட்டின் மேலே இருந்த சீட்டு என்னவென்று பார்க்கக் கையை நீட்டினேன். சுள்ளென்று தட்டிவிட்டீர்கள். "அடுத்த சீட்டப் பாக்கக் கூடாது தம்பி. பாத்தா தூக்கம் வராது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பொருமினேன். "ஸ்கூட் போயிருந்தா இன்னொரு ஆட்டம் கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சிருக்கும். ஆனா அதுல ஸ்கூட் போக பாயிண்ட் இருக்காது. குப்ப சீட்டு வந்தாலும் ஆடித்தான் ஆகணும். வேணாம்னு சொல்ல வழி இருக்கையிலயே வேணும்னு சொல்லிப்புடணும். நான் ஆடுனது சரிதான். சீட்டுதான் வரல."

அண்ணன் கூலிக்கு ஏறினான். நீங்கள் கூடுதலாகப் பாசிக்குப் போய் அடுத்த திருவிழாவுக்குள் வலை வாங்கிவிட்டீர்கள். ஒருநாளும் அந்த ஆட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் வருஷக்கணக்கில் ஆறவில்லை.

போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் நெஞ்சைச் சோதித்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், ஆபத்து உண்டு. இல்லையென்றால் மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம். நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "மாத்திர கேக்காமப் போச்சுன்னா அப்ப ஆபரேசன் பண்ண ஏலுமா, சார்?" உடம்பு தாங்காது என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இருமல் வந்துவிட்டது. சத்தியமாக வேண்டுமென்று இருமவில்லை மதினி. நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். "தம்பி, வெளிய போயி இருமிட்டு வாங்க."

நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். அதற்குள் சரியென்று சொல்லியிருந்தீர்கள். ஆபரேஷன் முடிந்து நீங்கள் கண்ணைத் திறக்கவே இல்லை.

அண்ணன் இப்போதும் சோற்றுத் தட்டின் முன்னால் திடீரென்று நிறுத்திவிடுவான். "மாத்திரையிலயே விட்டிருந்தா பேத்தி நன்மை வாங்குறதப் பாத்திருப்பால்ல, ஏலே?" வெள்ளை கவுனில் பேத்தி நற்கருணை வாங்கியது போன மாதம்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். "அடுத்த சீட்டப் பாக்காதண்ணே. மதினி ஆடுனது சரிதான். சீட்டுதான் வரல." அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவான்.

அவனுக்குச் சொல்ல என்னால் முடிகிறது. ஆனால் இப்படி இருமிக்கொண்டு படுத்திருக்கும்போது என் கையும் அந்தச் சீட்டுக் கட்டை நோக்கித்தான் நீள்கிறது, மதினி. நீங்கள் தட்டிய இடம் இன்னமும் சுள்ளென்கிறது. கையை இழுத்துக்கொள்கிறேன்.