ஒரு முடியாதுக்கு ஒரு பிஸ்கட்

பிப்ரவரி 9

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம். தம்பியை மறுமதிப்பீடு செய்யப் போகிறார்கள். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவன், வயது முப்பத்தெட்டு. ‘சென்ற முறைக்குப் பிறகு நிலையில் முன்னேற்றம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

அந்தத் தொகை அப்படியே குடைக்காரம்மாவுக்குப் போகிறது. பெயரை வைத்தது தம்பி. வெயிலோ மழையோ, அவள் கையில் குடை இருக்கும். காலையில் அவனைச் சலவை நிலையத்துக்குக் கூட்டிப்போய், துண்டு மடித்து முடித்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து, நான் திரும்பும்வரை கூடவே இருப்பாள். அவள் இல்லையென்றால் நான் வேலையை விடவேண்டும். அல்லது அவன் இவனைப் போன்றவர்களை வைத்திருக்கும் இல்லத்துக்குப் போகவேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். “புதுச் சட்டை போட்டுக்கவா அக்கா?” என்றான்.

பிப்ரவரி 21

மதிப்பீடு முடிந்தது. அதிகாரி சின்னப் பெண், தேன் போலப் பேச்சு. நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். “அவரே சொல்லட்டும் மேடம். அது அவரோட உரிமை.” யாராலும் மறுக்க முடியாத வாக்கியம். அதுதான் அதன் ஆபத்து.

தானாகச் சமைக்க முடியுமா? முடியும் மேடம். தெரியாத ஊருக்குத் தனியாகப் பஸ்ஸில் போக முடியுமா? முடியும் மேடம். நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தொடைமேல் வைத்து, பளிச்சென்று.

பிளாஸ்டிக் கெட்டிலை கேஸ் அடுப்பில் வைத்துப் பற்றவைத்தவன் இவன். சமையலறைச் சுவரில் கரி இன்னும் இருக்கிறது. சொன்னேன். நான் அவனைக் குறைத்து எடைபோடுகிறேன் என்று வருத்தப்பட்டாள். பிறகு கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினான். குனிந்து காலைத் தொடச் சொன்னாள், தொட்டான். நோயே காலில்தான் என்பதுபோல எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

இது அம்மாவின் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யார் எதைக் கேட்டாலும் ‘முடியும்’ என்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ‘முடியாது’ சொன்ன பிள்ளைகளை இல்லத்தில் போட்டுவிடுவார்கள். தன் கடைசி மூச்சுவரை அம்மா நடத்தியது இந்த ஒரே பாடத்தைத்தான். அ, ஆ ஏறாத மண்டையில் அது மட்டும் கல்வெட்டு.

மார்ச் 14

தம்பி குணமாகிவிட்டான். கடிதம் வந்திருக்கிறது, உதவித்தொகை நிறுத்தம் என்று. எத்தனையோ டாக்டர்கள் கைவிரித்த காரியத்தை ஒரு அலுவலகம் தபாலில் முடித்துவிட்டது.

மேல்முறையீடு செய்யலாமாம்.

மார்ச் 15

சாப்பிட்டோம். படுத்தோம்.

மார்ச் 30

சம்பளம் இல்லாமலே இத்தனை நாள் வந்துகொண்டிருந்த குடைக்காரம்மா இன்று நின்றுவிட்டாள். “எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கேம்மா.” அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஏப்ரல் 8

சலவை நிலையத்துக்குக் கூட்டிப்போய்வர ஆளில்லை, அவனை அச்சகத்துக்குக் கூட்டிப்போகிறேன். நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, பைண்டு செய்யவேண்டிய இரண்டு புத்தகங்களின் தாள்களையும் ஒரே அடுக்காக, துண்டு அடுக்குகிற மாதிரி ஓரம் பிசகாமல் அடுக்கிவிட்டான். சட்டப் புத்தகத்துக்கு நடுவே சமையல் குறிப்பு. வாசித்துப் பார்த்தால் சட்டம் கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. இது அச்சகமா பாலர் பள்ளியா என்று கேட்டார். மேல்முறையீடு முடியும்வரை பொறுப்பாராம். அப்புறம் தம்பியா வேலையா என்று நானே முடிவு செய்துகொள்ளவேண்டும். மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 17

இலவச வக்கீலைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் போதுமா என்று கேட்டேன்.

“போதும் மேடம். ஆனா அது அவர் வாயால வரணும்.”

ஏப்ரல் 18

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நான் அதிகாரி. தனியாகச் சமைக்க முடியுமா? முடியும் மேடம். அப்படிச் சொல்லக் கூடாது, ‘முடியாது’ என்று சொல்லவேண்டும் என்றேன்.

“அம்மா திட்டுவாங்க.”

“அம்மா செத்துட்டாங்கடா.”

“தெரியும். திட்டுவாங்க.”

ஏப்ரல் 20

கிரீம் பிஸ்கட் வாங்கிவந்தேன். ஒரு ‘முடியாது’க்கு ஒரு பிஸ்கட். சர்க்கஸில் கரடியைப் பழக்குவதும் இப்படித்தான். கரடிக்கு மேல்முறையீடு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மே 3

நன்றாக வருகிறது. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடுகிறது. எனக்கு ஒரே சந்தோஷம்— எதற்குடீ சந்தோஷப்படுகிறாய்?

மே 16

விசாரணை. நீள மேசை, மூன்று பேர், தண்ணீர் பாட்டில்கள். நடுவில் இருந்தவர் டாக்டர். தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சொல்லோடு முதுகும் சேர்ந்து வளையும் போலிருக்கிறது.

சமைக்க? முடியாது. பஸ்ஸில் போக? முடியாது. ஒவ்வொரு பதிலுக்கும் மேசைக்கடியில் என் பக்கம் கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மேசைக்கு மேலே பார்த்தவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்திருக்கும்.

கடைசியாக டாக்டர் கேட்டார்: “உங்க பேரைச் சொல்ல முடியுமா?”

“முடியாது.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம். வெளியே வந்ததும் முழுப் பாக்கெட்டையும் கொடுத்தேன். வக்கீல் என் கையைக் குலுக்கினார்.

மே 27

குடைக்காரம்மா திரும்பி வந்துவிட்டாள். குடையைத் திருப்பிக் கொடுத்தான். அவள்தான் அழுதாள்.

ஜூன் 6

சலவை நிலையத்தின் மேற்பார்வைக்காரி போன் செய்தாள். “நம்ம மடிப்பு ராஜாவுக்கு என்னம்மா ஆச்சு?” துண்டுக் குவியலுக்கு முன்னால் சும்மா நிற்கிறானாம். மடிக்கச் சொன்னால் முடியாது என்கிறானாம், கையை நீட்டுகிறானாம். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்களாம்.

ஜூன் 19

ஷூ லேஸ் கட்டுவதில்லை. அம்மா ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது அது. முடியாதாம். பல் தேய்க்க முடியாதாம். குளிக்க முடியாதாம். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே விரிவாக்கம் செய்துகொண்டான், நல்ல மாணவன்.

ஜூலை 2

அவன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மேற்பார்வைக்காரி நேரில் வந்து சொன்னாள், மரியாதையாக. அவனுடைய ஏப்ரனை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். மடிப்பு சரியில்லை. அவன் அதைப் பார்த்தான், தொடவில்லை.

ஜூலை 20

தினமும் லேஸை அவிழ்த்து அவன் முன்னால் வைத்துவிட்டு உட்காருகிறேன். கேள்வி இல்லை, பிஸ்கட் இல்லை. ‘முடியும்னு சொல்லுடா, அம்மா சொன்ன மாதிரி.’ அவன் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான். அவன் மேல் தப்பில்லை.

ஆகஸ்ட் 11

அலுவலகத்திலிருந்து கடிதம். அடுத்த மறுமதிப்பீடு வரும் பிப்ரவரியில். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். அன்றாட வேலைகளில் முன்னேற்றம் தெரிகிறதா என்று.

ஆகஸ்ட் 12

காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமல், லேஸைக் கையில் எடுத்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு முதல் வளையம் போட்டான். இரண்டாவதும் வந்துவிடும் போலிருந்தது.

“பாத்தியாம்மா, பாத்தியா” என்று குடைக்காரம்மா என் தோளைத் தட்டினாள்.

நான் கீழே மண்டியிட்டு அவன் விரல்களிலிருந்து லேஸை வாங்கிக்கொண்டேன். “விடுடா. அக்கா கட்டுறேன்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு கையை நீட்டினான். உள்ளே போய் பிஸ்கட் எடுத்துவந்தேன்.