என் மடியில் வைத்த பாப்பா

புக்கிட் ரம்பாய்,
செவ்வாய் இரவு

அன்புள்ள ஜானகி அத்தைக்கு,

அகல்யா எழுதுகிறேன். நீங்களும் சேகரன் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பா தேவமலருக்கு உடம்பு சுடவில்லையே? கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை, அத்தை. இரண்டு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா லாரியோடு ஜொகூர் போயிருக்கிறார். அம்மா முன்கூடத்தில் படுத்திருக்கிறார். அம்மன் வந்த உடம்பு ஃபோன் பார்க்கக்கூடாது என்று என் ஃபோனைச் சாமி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கண் கூசுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

என் காய்ச்சல் இன்னும் விடவில்லை. முகத்தில் இருந்த சிவப்புப் புள்ளிகள் இப்போது காலுக்கு இறங்கிவிட்டன. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. ஊற்றும்வரை வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக்கூடாதாம். பக்கத்து வீட்டுத் திலகா அக்கா உப்பு கேட்டபோதுகூட அம்மா கொடுக்கவில்லை.

அத்தை, எனக்கு வந்திருப்பது என்ன என்று எனக்கு முன்பே தெரியும்.

என் வகுப்பில் புவனேஷ் என்று ஒரு பையன். சில நாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி வகுப்புக்கு வந்து அவனுக்குச் சம்பாக் என்றார். நம் வீட்டில் மணல்வாரி அம்மை என்பார்களே, அதுதான். இருமினால், தும்மினால், ஒரே அறையில் மூச்சு விட்டால்கூடப் பரவுமாம். ஊசி போட்டிருந்தால் பயமில்லையாம். அதை முதலில் போடுவதே ஒன்பது மாதத்தில்தான், அதைவிடச் சின்னக் குழந்தைகள் பக்கம் போகவே போகாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு அந்த ஊசி போடவில்லை. அண்ணனுக்குப் போட்டபோது இரவெல்லாம் காய்ச்சலில் அழுதானாம், அதனால் அம்மா என்னை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை எனக்குப் புள்ளி வந்தது. அம்மா வாசலில் வேப்பிலை கட்டினார். அதற்கு முந்திய வாரம் முழுவதும் அம்மா என்னோடு பேசவில்லை, நான் கணக்கில் தோற்றதால். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன வேணும் தாயே, எளநி குடிக்கிறியா" என்று கேட்டார். என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தை, எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மஸ்ஜித் தானாவிலிருந்து காரில் வந்தீர்கள். அம்மா வாசலிலேயே நிற்கச் சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. பிள்ளை இல்லாமல் எத்தனை வருடம் பால்குடம் எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பாப்பாவை என் மடியில் வைத்து, "நீ குடுத்த புள்ளதானே தாயே, நீயே பாத்துக்க" என்று சொல்லி அழுதீர்கள்.

பாப்பாவுக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆகவில்லை. எனக்கு மிஸ்ஸி சொன்னது அப்போதே ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், நீங்கள் நம்புவீர்கள். ஆனால் மறக்கவில்லை. "தூக்கிக்கொள்ளுங்கள் அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் நான் வெறும் அகல்யா ஆகிவிடுவேன், எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள் என்று இருந்துவிட்டேன். நானே மஞ்சளைத் தொட்டுப் பாப்பா நெற்றியில் வைத்தேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்தபோது முகத்தைத் திருப்பினேன். ஆனால் மடியில்தானே இருந்தாள்.

நீங்கள் போனபிறகு, எனக்கு வந்திருப்பது சம்பாக் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினார். "அம்மன் இருக்கிற வீட்டுல அந்தப் பேரச் சொல்லாத லா. ஒன் அத்தைக்குத் தெரிஞ்சா நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா" என்றார். அதன்பிறகு சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அழுதார். அம்மாவைத் திட்டாதீர்கள். அவரும் பயந்துதான் இருக்கிறார்.

பாப்பா நன்றாக விளையாடுகிறாளே என்று இருந்துவிடாதீர்கள். ஒட்டிக்கொண்டால்கூடப் பத்து நாளுக்கு வெளியே தெரியாதாம். அருகில் இருந்த சின்னக் குழந்தைக்கு முன்கூட்டியே போட மருந்து இருக்கிறதாம், ஆனால் உடனே போக வேண்டும், நாள் தள்ளினால் பலிக்காது என்றார் மிஸ்ஸி. கிளினிக்கில் போய் வரிசையில் உட்காராதீர்கள். மற்றக் குழந்தைகள் இருப்பார்கள். முதலில் ஃபோன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டு முகவரியையும் கொடுங்கள். அவர்கள் வந்தால் நான் கதவைத் திறப்பேன்.

திலகா அக்கா தினமும் காலையில் வேலைக்குப் போகும்முன் வேப்பிலைப் பையை எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். அவர் வேலை செய்யும் கடை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தானே. வெறும் பையைத் திரும்ப மாட்டும்போது, உங்களிடம் கொடுக்கச் சொல்லி இதை உள்ளே வைத்துவிடுவேன். வீட்டிலிருந்து எதுவும் போகக்கூடாது என்று தெரியும். அம்மனுக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

அன்று நீங்கள் என் காலில் விழுந்தீர்கள். அதை நினைத்தால் எனக்குக் காலை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. இப்போது நான் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். படித்து முடித்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். என்னைத் திட்டுவதானால் அவளுக்கு மருந்து போட்டபிறகு வந்து திட்டுங்கள். அப்போது தாயே என்று கூப்பிடாதீர்கள், அத்தை.

உங்கள் அண்ணன் மகள்,
அகல்யா