ஆறு மடங்கு வளர்ச்சியின் அடியில் என் கையெழுத்து

அனுப்புநர்:
கசிவுச் சோதனையாளர், இரண்டாம் ஷிப்ட்,
ஹைட்ரஜன் உற்பத்தி ஆலை,
ஊழியர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை, கடைசி வீடு.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: எங்கள் வட்டாரத்துக் கார்பன் குறைந்த ஹைட்ரஜன் தொழிலின் வளர்ச்சி வாய்ப்பு அறிக்கையில், நான் கையொப்பமிட்ட பொய்ப் பதிவின் பேரில் சேர்க்கப்பட்டுள்ள வரியை நீக்கவும், விரிவாக்கத்துக்கு முன் ஆலையை நேரில் ஆய்வு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

இந்த மனுவில் பாதி, என்மீது நானே கொடுக்கும் புகார்.

1. நான் இந்த ஆலையில் நான்கு ஆண்டுகளாகக் கசிவுச் சோதனை செய்து வருகிறேன். ஊரின் பழைய இரும்பு உலை மூடப்பட்டபின் என் கணவரும் நானும் இரண்டு ஆண்டுகள் வேலையின்றி இருந்தோம். இந்த ஆலை வந்த பிறகுதான் நிமிர்ந்தோம். கணவர் வாயு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுகிறார். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், துப்புரவுப் பணியில் இருக்கிறாள். எங்கள் மூன்று வயது மகள் பகலில் ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். ஆகவே இத்தொழில் வளர வேண்டும் என்பதில் எங்களைவிட அக்கறை உள்ளவர்கள் இருக்க முடியாது. அருள்கூர்ந்து என்னை ஆலை எதிர்ப்பாளர் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

2. ஹைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். அதனால் ஒரு பங்கு சேர்ந்த உடனே அலாரம் ஒலிக்கும்படி எங்கள் சென்சார்கள் வைக்கப்பட்டிருந்தன. வாயுவை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸர்கள் இரண்டு. இரண்டாவதை நாங்கள் ‘இருமல்காரன்’ என்போம். ஓடும்போது அப்படித்தான் சத்தம் வரும். சோப்புத் தண்ணீர் தடவினால் அவனுடைய குழாய் இணைப்புகளில் எங்காவது நுரை கிளம்பும். மூன்று மாதங்களில் பத்தொன்பது முறை கசிவு கண்டு, ஆலைப் பதிவேட்டிலும் என் சொந்த நோட்டிலும் எழுதியிருந்தேன்.

3. சென்ற மாதம் வளர்ச்சி வாய்ப்பை மதிப்பிடும் குழு வரவிருந்தது. உற்பத்தி மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, எதுவும் எழுதப்படாத புதிய பதிவேட்டுத் தாள்களை முன்னால் வைத்தார். “ஏம்மா, இத்தனூண்டு கசிவையெல்லாம் எழுதி வெச்சா, வரப்போற தொழில் மொத்தமும் வேற ஊருக்குப் போயிடும். நம்ம தலையில நாமே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?” என்றார். மிரட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த மூன்று மாதங்களின் ஒவ்வொரு நாளுக்கும் நேராகக் ‘கசிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றே சென்சார்கள் அலாரம் ஒலிக்கும் அளவை ஒரு பங்கிலிருந்து மூன்று பங்குக்கு உயர்த்தினார்கள். குழுவினர் கம்ப்ரஸர் கூடத்தில் நின்ற ஒரு மணி நேரமும் அலாரம் ஒலிக்கவில்லை. அவர்கள் போன பிறகும் அளவைத் திரும்பக் குறைக்கவில்லை.

4. இம்மாதம் நான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கம்ப்ரஸர் கூடத்தில் நல்ல வெயில் விழுந்திருந்தது. என் நாத்தனார் இருமல்காரனுக்குப் பக்கத்துக் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். திடீரென்று துணி கறுத்துச் சுருண்டது. அவள் கையை உதறினாள். “அண்ணி, நெருப்பே இல்ல அண்ணி! கை மட்டும் எரியுது!” என்று அலறினாள்.

அய்யா, ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இதை நூறு முறை பயிற்சியில் கேட்டிருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளை இழுத்துத் தள்ளிவிட்டு, அவசர நிறுத்தப் பொத்தானை அடித்து, வெளியே ஓடி வாயு வரும் வால்வை மூடினேன். பிறகு தீ எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு துடைப்பத்தை நீட்டிப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து உள்ளே போனேன். வெறும் காற்றில் அதன் நுனி பற்றியது. பின்வாங்கிக் காத்திருந்து மறுபடி நீட்டினேன். மூன்றாம் முறைதான் பற்றவில்லை.

அலாரம் கடைசிவரை ஒலிக்கவில்லை.

5. முதலுதவி அறைப் பதிவில் ‘வெந்நீர் பட்ட காயம்’ என்று எழுதினார்கள். நாத்தனாரும் அப்போது, “வெந்நீர்னே இருக்கட்டும் அண்ணி. வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போவோம்?” என்றாள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஓர் இணைப்பை மட்டும் இறுக்கிவிட்டு மறுநாள் காலை இருமல்காரனை ஓட்டினார்கள். ‘மதிப்பீட்டுக் காலத்தில் உற்பத்தியை நிறுத்தியது ஏன்?’ என்று எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

6. எட்டாம் தேதி குழுவின் வரைவு அறிக்கையைக் கேன்டீன் பலகையில் ஒட்டினார்கள். பத்தாண்டுகளில் இவ்வட்டார ஹைட்ரஜன் உற்பத்தி ஆறு மடங்காகும், பேருந்துகளும் உர ஆலையும் புதிய இரும்பு உலையும் நம்மிடமே வாங்கும், இரண்டு கம்ப்ரஸர்கள் பன்னிரண்டாகும் என்று இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த பக்கத்தில் ‘மூன்று மாதங்களில் ஒரு கசிவும் பதிவாகவில்லை. எனவே சேமிப்புத் தொட்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கலாம்’ என்று கண்டேன். வரைபடத்தில் புதிய தொட்டிகள் காப்பகத்தின் சுவரை ஒட்டி நின்றன. என் மகள் மதியம் தூங்கும் அறையின் சுவர் அது. கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் நின்ற நாத்தனார் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எழுதுங்க அண்ணி. நானும் சாட்சி சொல்றேன்,” என்றாள்.

7. எனவே, சென்சார்களின் அளவை உடனே பழையபடி ஒன்றுக்குக் கொண்டுவரவும், இருமல்காரனை முழுமையாகப் பழுதுபார்க்கும்வரை நிறுத்தி வைக்கவும், முன்னறிவிப்பின்றிப் பகலில் வந்து ஆய்வு செய்யவும் பணிந்து வேண்டுகிறேன். குழு தன் இறுதி அறிக்கையை இருபதாம் தேதி அரசிடம் கொடுக்கிறது. அதற்குள் என் நோட்டின் நகலும் அவர்கள் கைக்குப் போய்ச்சேர வேண்டும். பொய்ப் பதிவுக்காக எனக்கு என்ன தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். நாத்தனாரின் வேலைக்கும் வீட்டுக்கும் இதனால் பங்கம் வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. தங்கள் ஆய்வு முடியும்வரை விடுப்பில் இருக்கும்படி கணவர் மன்றாடுகிறார். மகளை இன்று முதல் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. லாரி ஓடாத நேரத்தில் அவர் பார்த்துக்கொள்கிறார், மற்ற நேரம் நாத்தனார் ஒரு கையால் பார்த்துக்கொள்கிறாள். மற்றவர்களின் பிள்ளைகள் இருபத்தாறு பேர் அங்கேதான் தூங்குகிறார்கள். என் இடத்துக்கு வரக்கூடியவர் பயிற்சி முடித்து மூன்று வாரம் ஆனவர். இருமல்காரனின் எந்த இணைப்பு எப்போது கசியும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால், பயமாக இருந்தாலும், நாளை இரண்டு மணி ஷிப்டுக்கு நான் போகிறேன்.

அய்யா, சீக்கிரம் வாருங்கள்.

நாள்: மார்ச் 11
இடம்: ஊழியர் குடியிருப்பு

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
கசிவுச் சோதனையாளர், இரண்டாம் ஷிப்ட்

சாட்சி:
துப்புரவுப் பணியாளர்
(வலக்கை கட்டில் இருப்பதால் இடக்கைப் பெருவிரல் ரேகை)

இணைப்பு: என் சொந்த நோட்டின் பத்தொன்பது பதிவுகளின் நகல்.