தட்டில் உன் பக்கம்

என் செல்லச் சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் தையல் மெஷினுக்குத்தான் முட்டி வலி. நீயும் உன் வீட்டுக்காரரும் மெஷினை விட நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை விட்டும் விடாமலும் பெய்கிறது, ஜன்னல் கண்ணாடியில் தெருவே கரைந்து ஓடுகிற மாதிரி இருக்கிறது, பாதிக் கனவில் இருந்தபடிதான் எழுதுகிறேன்.

கீழ் வீட்டுக்கு வேறு தேசத்துக் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது, அந்த மனுஷருக்கு பேக்கரியில் வேலை. அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. விரித்த குடை அகலத்துக்கு ஒரே தட்டு, நடுவில் ஆவி பறக்கும் சோறு, சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். நேற்று எங்களையும் கூப்பிட்டார்கள், இவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம். உன் அப்பாவைத்தான் தெரியுமே, நான் குடித்த தம்ளரில்கூட வாய் வைக்க மாட்டார். போதாததற்கு உன் கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போனதில்லை, உன் பேரையும் எடுத்ததில்லை. என்ன நினைத்தாரோ, வந்தார். கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற அதே நிதானத்தோடு தன் பங்கைச் சுற்றி விரலால் ஒரு வாய்க்கால் வெட்டினார். பேக்கரிக்காரர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அப்பா பக்கம் தள்ளினார், விருந்தாளிக்கு அதுதான் அவர்கள் மரியாதையாம். இவரோ அது வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பித் தள்ளினார். அவர் தள்ள, இவர் தள்ள, வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை. இப்போதுதான் நம் பேச்சைக் கற்றுக்கொள்கிற அவர் மனைவி, "சாப்பிடுங்கண்ணே, பாவம், நடந்து நடந்து அதுக்குக் கால் வலிக்கும்" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லையடி.

சாப்பிட்டு முடித்தும் தட்டில் ஒரு பக்கம் யாரும் கை வைக்காமல் இருந்தது. கப்பல் வேலைக்குப் போயிருக்கிற மகனுடைய பக்கமாம். கடைசியில் ஆளுக்கொரு வாயாக எல்லோரும் அதைச் சாப்பிட்டால் அவன் வயிறு நிறையுமாம். சண்டை போட்டுக்கொண்டு போன பிள்ளையாக இருந்தாலுமா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். "அதுக்காக, பசிக்காதா?" என்றாள் அவள். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

இன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, என் பட்டன் டப்பாவை மேஜையில் கவிழ்த்து, இரண்டு பென்சிலால் ஒவ்வொரு பட்டனாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சட்டைப் பட்டன் வந்துவிட்டது, கோட்டுப் பட்டன் வழுக்குகிறது. இது என்ன கூத்து என்றேன். தலை நிமிராமல், "மாப்பிள்ளை வீட்டுல குச்சியாலதானே சாப்பிடுவாங்க? அவங்க அம்மா முன்னாடி நான் கீழ போட்டா, என் பொண்ணுக்குல்ல தலைகுனிவு" என்றார். மாப்பிள்ளை என்றார் சிட்டு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் நின்றது நின்றபடியே நின்றேன்.

அதனால் உடனே எழுது. அங்கே முதலில் யார் கை வைப்பார்கள், தட்டைக் காலி செய்ய வேண்டுமா, மிச்சம் வைக்க வேண்டுமா, உறிஞ்சிக் குடித்தால் தப்பா? உன் அப்பா டீ குடித்தால் தெருமுனை வரை கேட்குமே. வேளாவேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே. இரண்டு பேரும் நூறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு வாழ வேண்டும்.

உன் அம்மா

கவரை ஒட்டப் போனேன், அப்பா கூப்பிட்டுக் காட்டினார். கோட்டுப் பட்டனும் வந்துவிட்டது.