தடைக்காலத்தில் ஓர் எஞ்சின் சத்தம்

ஏப்ரல் 17, வியாழன்

வலது காதின் கருவி மத்தியானமே அணைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போட்ட பேட்டரி. ஒரு வாரத்துக்கு மேல் வர வேண்டும். அணைவதற்கு முன் மெல்ல மணி அடிக்கும். பிறகு உலகத்தின் வலதுபக்கம் இல்லாமல் போகும். இடது காதில் கருவி இருப்பது பேருக்குத்தான். குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிப்பது பாதியில் நின்றது. பார்த்தால், சட்டியில் வெடித்துக்கொண்டுதான் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகளெல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடக்கின்றன. ஜூன் பாதிவரை அப்பா கரையில். இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அம்மா போன பிறகு அப்பாவோடு இத்தனை நாள் சேர்ந்தாற்போல இருக்கப்போவது இதுதான் முதல்முறை. போன வருஷம் இதே சமயம் நான் புதுச்சேரியில், விடுதியில் இருந்தேன்.

தடை தொடங்குவதற்கு முதல் நாள் அவருடைய பட்டன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. என் பழைய போனைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் அழிக்காத. உங்கம்மா போட்டோ எல்லாம் கெடக்குல்ல அதுல."

ஏப்ரல் 19, சனி

செய்து பார்த்தவை: வேறு கம்பெனி பேட்டரி. மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்ததும் போடாமல், காற்றுப்பட வைத்திருந்து பிறகு போடுவது. இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைப்பது. போனை அணைத்துப் போடுவது. போனிலிருந்து கருவியை நீக்கிவிட்டு மறுபடி இணைப்பது. செயலியைப் புதுப்பிப்பது.

செயலி சொல்கிறது: இரண்டு கருவிகளும் இணைக்கப்பட்டுள்ளன. பச்சைப் புள்ளி.

யாரோடு?

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காதுக்குள் எஞ்சின் ஓடியது. படகு எஞ்சின். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், தப்பாக இருக்க முடியாது. ஆனால் ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாத காலம் இது. தெருவில் லாரி இல்லை. ஜெனரேட்டர் இல்லை. சத்தத்துக்குத் திசையும் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே அளவு. நடுத்தலையில் ஓடுவதுபோல. காற்று, காக்கை, பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

பதினாறு வயதில் காய்ச்சலுக்குப் பிறகு காது போனபோது டாக்டர் சொன்னது நினைவு வருகிறது. கேட்பது குறையக் குறைய மூளை தானாகச் சத்தம் உண்டாக்கிக்கொள்ளுமாம். சிலருக்கு மணி. சிலருக்குப் பாட்டு.

எனக்கு ஆறு சிலிண்டர்.

அப்பா வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று போனேன். அதற்குள் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

ஏப்ரல் 26, சனி

டவுனில் கருவி வாங்கிய மையத்துக்குப் போனேன். கமர் நிஷா அக்கா கருவிகளைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். நான் ஒவ்வொரு முறை போகும்போதும் எழுந்து நின்று வரவேற்கும் ஒரே ஆள் இவர்.

"மிஷின்ல ஒரு குறையும் இல்லங்க சுகிர்தா. கடல் காத்து, உப்பு. டப்பால போட்டு வைக்கிறீங்கள்ல?"

"வைக்கிறேன்."

"போன்ல பாட்டு, பேச்சு நெறையா கேக்குறீங்களா? போனோட பேசுறது வலதுபக்கத்து மிஷின்தான். அதான் அது முந்திக்கிட்டுத் தீருது. ஃப்ரெண்ட்ஸோட கொஞ்சம் கம்மியாப் பேசுங்க" என்று சிரித்தார்.

எனக்கு யாரும் போன் செய்வதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நானும் சிரித்தேன்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே இருந்த நேரம் முழுவதும் காது தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சுற்றுச் சத்தம் சட்டென்று தணிந்தது, யாரோ என்மேல் போர்வையைப் போட்டதுபோல.

அப்படியானால் கருவியில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

மே 2, வெள்ளி

சென்னையிலிருந்து மின்னஞ்சல். ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. பதினான்காம் தேதி காலை வீடியோ நேர்காணல். ஆசிரியர் தாமரைச்செல்வி என்று கையெழுத்து.

விண்ணப்பத்தில் காதைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதிய இடங்களிலிருந்து இதுவரை பதில் வந்ததில்லை.

இது கிடைக்காவிட்டால்? இந்த வீடு. இந்த முற்றம். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

மே 6, செவ்வாய்

உச்சி வெயில். அப்பா போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"இந்த வெயில்ல எங்கப்பா?"

"சும்மா. கரைக்கு."

"இங்கேயே உக்காந்து பாக்கலாமே?"

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தினமும் இப்படித்தான். கொஞ்ச நேரம் வீட்டில் உட்காருவார், போனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், எழுந்துவிடுவார். இரண்டு தடவை சொல்ல வைக்கிற மகளோடு எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்? கடலில் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டுக்குள் வந்ததும் மீசைக்குள் பேசுகிறார். எனக்கு உதடும் தெரிவதில்லை.

குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏலக் கொட்டகையைத் தாண்டி, மணலில் ஏற்றிவைத்த ஃபைபர் படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு.

சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க.

குடையைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

மே 7, புதன்

என்னா பண்ணுனேன் நான்? எதுக்கு என்னையக் கண்டா எந்திரிச்சுப் போகணும்?

மே 11, ஞாயிறு

நேற்றுப் போட்டது இன்று தீர்ந்தது. நேர்காணலுக்கு என்று புதுப் பேட்டரி அட்டை ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். தொடமாட்டேன்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பதில்கள் சொல்லிப் பழகினேன். "புதுவையில் தமிழ் முதுகலை முடித்தேன்." என் குரல் எனக்கே எங்கோ தள்ளி இருந்தது.

மே 14, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

காலையில் அப்பாவிடம், "இன்னிக்கு மட்டும் வீட்டுல இருங்கப்பா. வாசல்ல யாராவது கூப்புட்டா எனக்குக் கேக்காது. நீங்க பாத்துக்குங்க" என்றேன். சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியை வாசற்படிக்கு நேராகப் போட்டு, கோயில் காவல்காரர்போல உட்கார்ந்துவிட்டார்.

தலை வாரும்போது எஞ்சின் வந்தது. கொஞ்ச நேரம் ஓடி, இருமி, ஓடி, இருமி, நின்றது. இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று என் மூளையைக் கேட்டுக்கொண்டேன்.

புதுப் பேட்டரி. பச்சைப் புள்ளி. போன் திரையில் இருவர். நடுவயதுப் பெண், தாமரைச்செல்வி. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர். முதல் கேள்வி தெளிவாகக் கேட்டது. இரண்டாவதும். படித்ததைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

"புதுவையில் தமிழ் முதுகலை..."

"பூமி! ஏய் பூமி! எங்கடா கெடக்குற?"

காதுக்குள். ஆண் குரல். திரையில் தாமரைச்செல்வியின் உதடு அசைகிறது, குரல் இல்லை. பூமிநாதன் என் அப்பாவின் பெயர். மூளை இதையும் உண்டாக்குமா? நான் நிறுத்தாமல் சொன்னேன். "...முதுகலை முடித்தேன். ஆய்வேடு..."

"முடிச்சியா? என்னாத்த முடிச்ச? ஏன்டா பொம்பளக் குரல்ல பேசுற?"

"நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டேன், வாய்விட்டு.

திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சோமு. நீ யாரும்மா? பூமி நம்பர்தான இது?"

சோமு அண்ணன். அப்பாவோடு அதே படகில் போகிறவர்.

தலையைத் திருப்பினேன். வாசலில் அப்பா. என் பழைய போனைக் காதில் வைத்துப் பார்க்கிறார், எடுத்து ஊதுகிறார், தொடையில் தட்டுகிறார், மறுபடி காதில் வைக்கிறார். வாய் "அலோ, அலோ" என்கிறது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் எல்லாம் எனக்குக் கேட்கிறது. சோமு அண்ணனுக்கும் கருவி வழியாக என் குரல்தான் போகிறது.

என் கருவி அந்தப் போனை மறக்கவேயில்லை. நான்தான் மறந்துவிட்டேன்.

நெட் போய்விட்டது என்று அணைத்துவிடலாம். காரைக்கால்மேட்டில் நெட் போகும், எவரும் நம்புவார்கள். விரல் அங்கே போகவும் போனது. பிறகு கீழே தட்டச்சு செய்தேன்:

"எனக்குக் காது கேட்காது. கருவி வைத்திருக்கிறேன். அது இப்போது என் அப்பாவின் போனோடு சேர்ந்துகொண்டது. ஐந்து நிமிடம் தருவீர்களா?"

அனுப்பிவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை. பார்த்தபோது பதில் இருந்தது: "பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிறோம்."

அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி ப்ளூடூத்தை அணைத்தேன். சோமு அண்ணனின் கத்தல் ஸ்பீக்கரில் வெடித்தது. அப்பா திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

நேர்காணல் முடிந்தது. எனக்குப் புரியாத கேள்விகளை எழுதிக் காட்டினார்கள். எப்படிப் போனது என்று தெரியவில்லை.

மே 15, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டது.

முடித்து வெளியே வந்தபோது அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். "என்னாலதான் கெட்டுச்சா?" என்றார். முகத்தை எனக்கு நேராக வைத்துச் சொன்னதால் கேட்டது.

போன் இரண்டும் கருவியும் செய்த வேலையை விளக்கினேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையில கொண்டு போயி குடுத்தேன். அங்க நல்லா பேசுது. வீட்டுக்கு வந்தா ஊமையாயிடுது. நீ ஆசையாக் குடுத்த போனு, அதுல போயி என்னான்னு குறை சொல்றது? கரைக்குக் கொண்டு போனா பேசும். அதான் போயிடுவேன்."

"அதுக்குத்தான் வெயில்ல போனீங்களா?"

"வேற எதுக்குப் போறாக?"

படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த எஞ்சின்?" என்றேன்.

"நம்ம போட்டுக்கு எஞ்சின் வேலை நடக்குதுல்ல. சோமு ஓட்டிப் பாத்து வீடியோ புடிச்சு அனுப்புவான். நான்தான ட்ரைவரு, சத்தத்தக் கேட்டு என்ன கோளாறுன்னு சொல்லணும். நேத்துக் காலையில ஒண்ணு அனுப்புனான். உனக்குக் காவல் இருந்தேனா, கரைக்குப் போக முடியல. அதான் அவன் போனப் போட்டுக் கத்துனது."

"நேத்து அனுப்பினது இருமிச்சுப்பா."

நிமிர்ந்தார். "எப்படி?"

"ஓடி ஓடி இருமிச்சு. கடைசியில நின்னுடுச்சு."

"ஓடுறப்ப இருமுச்சா, வேகம் கூட்டுறப்ப இருமுச்சா?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். "கூட்டுறப்ப."

"அப்ப டீசலப் பீச்சுற நாசிலுதான்." உடனே சோமு அண்ணனுக்குப் போன் போட்டார். "நாசிலப் பாருடா. சொன்னா செய்யி. யாரு சொன்னாவா? எம்பொண்ணு கேட்டுச்சு."

நான் கேட்டதை ஒருவர் மறுமுறை சரிபார்க்காமல் நம்பி எவ்வளவு காலமாயிற்று?

படகின் நிழலில் அன்று எதற்குச் சிரித்தார் என்றும் கேட்டேன். நண்டு சுத்தம் செய்யத் தெரியவில்லை என்று அம்மா என்னைத் திட்டுகிற வீடியோ ஒன்று அந்தப் போனில் கிடக்கிறது. எடுத்ததே எனக்கு நினைவில்லை. அதை வைத்தோம். ஸ்பீக்கரில் வைத்தால் எனக்குப் பாதிதான் புரியும். கருவியில் வைத்தால் அவருக்குக் கேட்காது.

"நீ கேளு மொதல்ல" என்றார்.

அம்மா என் நடுத்தலையில் திட்டினாள். அப்பா திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் அவருக்கு.

அதற்குப் பிறகு பழைய போனிலிருந்து என் கருவிகளை நீக்கினேன்.

மே 28, புதன்

பேட்டரி இப்போது தாக்குப்பிடிக்கிறது. அப்பா வீட்டிலேயே உட்கார்ந்து போன் பார்க்கிறார். எதற்கோ சிரிக்கிறார். என் காதுக்குள் எதுவும் வருவதில்லை. சரியாகிவிட்டது. இவ்வளவு சுத்தமான அமைதி.

ஜூன் 15, ஞாயிறு

படகுகள் போய்விட்டன. சென்னையிலிருந்து கடிதம் வந்ததைச் சொல்ல அவர் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். தாமரைச்செல்வி கடைசியில் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: கூட்டங்களில் என் எதிரே உட்காருங்கள்.

ஜூலை 9, புதன்

சென்னை. மகளிர் விடுதி, மூன்றாம் மாடி. அறையில் இன்னொரு பெண், எப்போதும் போனில் இருக்கிறாள். மெய்ப்புகள் சத்தமில்லாதவை, எனக்குப் பிடித்திருக்கிறது. மாலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்தப் பேட்டரியை எப்போது போட்டேன் என்பதே மறந்துவிட்டது. இன்னும் ஓடுகிறது. கமர் நிஷா அக்கா கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஜூலை 20, ஞாயிறு

வாட்ஸப்பில் அப்பா. ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு எஞ்சின் வீடியோ மட்டும்.

மொட்டைமாடிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டேன். போன் செய்தேன்.

"இப்ப இருமல் இல்லப்பா. ஆனா அடியில ஒரு சத்தம், தகரம் உரசுற மாதிரி."

"நானும் அதத்தான் நெனச்சேன். சோமு இல்லைங்கிறான். இரு, அவன்கிட்டயே சொல்லு."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வலது பேட்டரி நாலே நாளில் தீர்ந்துவிட்டது. இன்றும் அப்பா போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, பாதி வாக்கியத்தில்.

நாளை வேலை முடிந்து வரும்போது இரண்டு அட்டை சேர்த்து வாங்க வேண்டும்.