சில்லு வைத்த பை

ஒக். 4, சனி

மழை இருட்டு. ஒரு துளி விழவில்லை. விதைப்புக்கு முன் வரம்பு கட்டுகிறார் இவர். சாப்பிடும்போதும் கண் வானத்தில்தான்.

வவுனியா வகுப்பு முடிந்து வந்து விழுந்து படுத்ததுதான். இடுப்பு என்னுடையது இல்லை. முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா என்று பெயர், சுமப்பது நெல் மூட்டை. தடித்த மொட்யூல் புத்தகங்கள், கொப்பிகள், பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய அட்டைப் பொம்மைகள், சோறு, தண்ணீர்ப் போத்தல். எல்லாம் ஒற்றைத் தோளில்.

பஸ்ஸில் இடம் இல்லை. இருந்த ஒரு பெண் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்தார். "என்ன பிள்ளை, கல்லே கொண்டு போறாய்?" நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பையை இருக்கிறவர்கள் வாங்கி வைப்பது எங்கள் பஸ்களில் வழக்கம். இந்த வயதில் நானும் அந்தக் கணக்கில் சேர்ந்ததில் கொஞ்சம் வெட்கம், நிறையச் சந்தோஷம்.

அபி கேற்றடியில் நின்றாள். காலையில் "போட்டு வாங்கோ" சொல்லி என்னை வழியனுப்பிய அதே இடம். பையைப் பறித்து உள்ளே தலையை விட்டாள். கதலிப்பழம் கிடைத்தது. பிறகுதான் அம்மா நான் அவள் கண்ணில் பட்டேன். ஏழு வயது.

ஒக். 6, திங்கள்

கிளினிக். சரியான சனம். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாரம் தூக்கிறதை விடுங்கோ. இல்லாட்டிப் படுக்கையில கிடந்துதான் படிக்க வேண்டிவரும்."

வகுப்புக்குப் போகாமல் விட முடியாது. வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் முன்பள்ளியில் என்னைத் தொடர்ந்து வைத்திருப்பார்களோ தெரியாது. முதல் தடவை படிப்பு நின்றது யுத்தம் முடிந்து இருந்த செட்டிகுளம் முகாமில். அது என் கையில் இருக்கவில்லை. இது இருக்கிறது.

சுதா ரீச்சருக்குப் போன் எடுத்தேன். துணுக்காய்க்காரி, என்னோடு படிக்கிறா. "சில்லு வைச்ச பை ஒண்டு வாங்குங்கோ. இழுத்துக்கொண்டு போகலாம், ஏலாத இடத்தில தோளிலயும் கொழுவலாம்."

இவரிடம் சொன்னேன். "எங்கட கிரவல் றோட்டில இழுக்கிறதெண்டால் மாட்டுவண்டிச் சில்லுதான் பூட்டவேணும்." அவருடைய பகிடிக்கு அவரே சிரிப்பு. விளக்கை அணைத்த பிறகு, "பெரிய சில்லாப் பாத்து எடும்" என்றார்.

பை பார்க்கும்போது:
- பெரிய சில்லு. றப்பர் என்றால் நல்லது
- கைபிடி ஆடக் கூடாது
- வெறும் பையே பாரம் என்றால் வேண்டாம்
- தோளில் போட்டால் சில்லுச் சேறு முதுகில் படக் கூடாது
- விட்டால் தானாக நிற்க வேண்டும்
- தேங்காய், நீலச் சவுக்காரம் (இது ஏன் இங்கே வந்தது)

ஒக். 8, புதன்

வெயில். கோழி முட்டை இடுவதை நிறுத்திவிட்டது.

மச்சாள் வந்தா. இவருடைய அக்கா. தேத்தண்ணி முடியும்வரை நல்ல கதை. பிறகு வழக்கமானது. "உந்தப் படிப்புப் படிச்சு எப்ப ஒரு வீடு கட்டப் போறீர்? கீர்த்தியின்ர தாயைப் பாரும். கட்டாருக்குப் போனா. இப்ப வீட்டுக் கூரைக்குக் கீழ லெவல் சீற்றும் வந்திட்டுது. பிள்ளையை நான் பாக்க மாட்டனே?"

கீர்த்தி அபியின் வகுப்பு. பக்கத்துக் கதிரை. நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை. ஒரு நிமிடம் நானும் அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். மழைக்கு ஒழுகாத வீடு. எழும்பிப் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன்.

அபி மூலையில் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் நின்றது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஒக். 12, ஞாயிறு

பை வாங்கியாச்சு!

வகுப்பு முடிந்து சுதா ரீச்சருடன் வவுனியாக் கடைகள். தீபாவளிச் சனம், நடக்க இடம் இல்லை. முதல் கடையில் சில்லு பொத்தான் அளவு. இரண்டாவதில் கைபிடியை நீட்டினால் முருங்கைக் கொப்பு மாதிரி ஆட்டம். மூன்றாவதில் படம் போட்ட பிள்ளைகளின் பை ஒரு வரிசை, பெரியவர்களுக்கு ஒரு வரிசை. ஒரு கறுப்புப் பை, பெரிய சில்லு, தோள் பட்டியும் உண்டு. என் புத்தகம் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, கடைக்கு வெளியே கல்லில், வடிகான் மூடியில், ஏற்றி இறக்கிப் பார்த்தேன். விற்கிற பிள்ளை பொறுமையாக நின்றாள். "எந்த நாட்டுக்கு அக்கா?" என்று கேட்டாள். சுதா ரீச்சர் என் ஊர்ப் பெயரைச் சொன்னா: "மல்லாவிக்கு."

பஸ்ஸில் ஒருவரும் பையை மடிக்குக் கேட்கவில்லை. கொண்டக்டர் பின்னுக்குத் தள்ளிவிட்டார். ஒரு ஐயா, "கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்தோ வாறீங்கள்?" என்றார்.

இடுப்பு நோகவில்லை. அதுதான் பெரிய செய்தி.

ஆனால் அபி பையைத் திறக்கவில்லை. பழம் இருக்கிறது என்றும் சொன்னேன். கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஒக். 14, செவ்வாய்

இரவு நல்ல மழை. இவருக்கு முகம் எல்லாம் பல்லு.

முன்வீட்டுக் கமலாக்கா வேலிக்கு மேலால்: "எப்ப பயணம்? சொல்லாமல் போயிடாதையும்." நான் பகிடி என்று நினைத்து, "சனிக்கிழமை" என்றேன். கடையடியிலும் இரண்டு பேர் கேட்டார்கள். இந்த ஊரில் சில்லுப் பை வாங்கினால் விமானம் ஏற வேண்டும் போல. சிரிப்பாகத்தான் இருந்தது.

அபியின் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஒக். 18, சனி

எழுத மனம் இல்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

விடிய எழும்பினால் பையைக் காணவில்லை. குசினியில் வைத்தது. இவரைக் கேட்டேன், தெரியாது. முற்றத்தில் பார்த்தால் நேற்றுக் கூட்டின மண்ணில் இரண்டு சில்லுத் தடம், குசினிப் படியிலிருந்து வளைந்து வளைந்து கோழிக்கூட்டுக்கு. பை கூட்டுக்குள். மேலே கோழி. பக்கத்தில் அபி, நுளம்புக் கடியோடு குந்தியிருந்தாள்.

பஸ் போகிற சத்தம் கேட்டது. கோபத்தில் ஒரு அடி போட்டேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா வவுனியாவுக்குத்தானே போறன், பின்னேரம் வந்திடுவனே."

"கீர்த்தியின்ர அம்மாவும் வவுனியாவுக்கெண்டுதான் சொன்னவா. சில்லுப் பையோடதான் போனவா. கீர்த்தி போட்டு வாங்கோ எண்டும் சொன்னவள்."

 அந்த ஈரக் கூட்டடியில் நானும் குந்திவிட்டேன். அடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த ஒரு கிழமை இந்தப் பிள்ளை என்ன பாரத்தைச் சுமந்திருக்கிறாள், நான் இடுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவர் வந்து, புத்தகத்தை எல்லாம் வெளியே எடுத்துக் காட்டினார். "பாருங்கோ அபி, இதில எங்க உடுப்பு? எல்லாம் புத்தகம்." அபி: "உடுப்பு அங்க குடுப்பினம். கீர்த்தி சொன்னவள்." இவர் புத்தகங்களைத் திரும்பப் பைக்குள் அடுக்கினார்.

நாளைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போவதுதான் ஒரே வழி. பையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.

ஒக். 19, ஞாயிறு

தீபாவளிக்கு முதல் நாள், வகுப்பு அரை நாள்தான். அபியை எனக்குப் பக்கத்தில் இருத்தினேன், பென்சில் கொடுத்து.  விரிவுரையாளர் வந்தார், வீட்டுவேலை கேட்டார். நேற்று வராததால் எனக்கு என்ன வேலை என்றே தெரியாது. எழுப்பி நிற்க வைத்து, "அம்மாமாரே இப்பிடி இருந்தால் பிள்ளையள் என்ன செய்யிறது?" என்று நல்ல பேச்சு.

காது சுட்டது. குனிந்து பார்த்தால் அபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பேச்சு வாங்கியது போதாது, இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று இருந்தது.

"அம்மா, மெய்யாவே பள்ளிக்கூடந்தான்!"

"பின்ன?"

"ஆனாலும் இந்தப் பை வேண்டாம்."

திரும்பக் கடைக்கு. விற்கிற பிள்ளை பையை மணந்து பார்த்தாள். "அக்கா, கோழி மணக்குது." நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் முதலாளியோடு கதைத்துவிட்டு வந்து, "மாத்தித் தாறம், தங்கச்சி எடுக்கட்டும்" என்றாள். அபியிடம் குனிந்து, "என்ர அம்மாவும் வெளிநாட்டில, குவைத்தில இருந்தவா" என்று மெல்லச் சொன்னாள்.

அபி பிள்ளைகளின் வரிசைக்குப் போனாள். கத்தரிப்பூ நிறம், முன்னுக்குப் பெரிய பூனை முகம், இழுத்தால் சில்லு மினுங்கும். நான் கறுப்பையும் நீலத்தையும் காட்டினேன். அசையவில்லை.

"ஏன் இது?"

"பூனைப் பையோட வந்தால் பிளேனில ஏத்த மாட்டினம்."

என் புத்தகங்களைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். சில்லு பரவாயில்லை. கைபிடி கட்டை, கொஞ்சம் குனிய வேண்டும். டொக்டர் பார்த்தால் ஏசுவார். வாங்கினேன்.

ஒக். 22, புதன்

தீபாவளி முடிந்தது. பலகாரம் மிச்சம். மச்சாள் பையைக் கண்டா. "அபிக்கோ? வடிவாயிருக்கு." "இல்லை மச்சாள், எனக்கு." வாயில் வைத்த முறுக்கை அப்படியே வைத்துக்கொண்டு நின்றா. அபி நடந்ததைத் தானே சொன்னாள், கோழிக்கூடு உட்பட. மச்சாள் முறுக்கைத் திரும்பத் தட்டில் வைத்தா. போகும்போது அபியின் தலையைத் தடவிவிட்டுப் போனா.

இவர் கைபிடிக்கு ஒரு துண்டுக் குழாய் பூட்டி நீட்டித் தந்திருக்கிறார். இனிக் குனியத் தேவையில்லை.

ஒக். 25, சனி

விடியத் தூறல். கிரவலில் சில்லு இறுகியது, இரண்டு இடத்தில் தோளில் போட்டேன். கமலாக்கா வேலியால் பார்த்துக் கும்பிட்டா, ஏன் என்று தெரியவில்லை.

அபி கேற்றடிக்கு வந்தாள். "போட்டு வாங்கோ" சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பாவம்.

கொண்டக்டர்: "எத்தினையாம் வகுப்பு, ரீச்சர்?" முழு பஸ்ஸும் சிரித்தது.

வகுப்பில் மனம் இல்லை. திரும்பி வர இருட்டிவிட்டது. ஒழுங்கையில் சில்லு மினுங்க மினுங்க வந்தேன். தூரத்தில் கேற்றடியில் ஒரு சின்ன உருவம், கிட்ட வரும்வரை அசையவில்லை. பிறகு ஓடி வந்து பையைத்தான் கட்டிப்பிடித்தாள், சேற்றோடு. இரண்டு பழம் எடுத்தாள். ஒன்றை எனக்குத் தந்தாள்.

ஒக். 26, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்துக் கோணல். மழை இல்லை.

மாங்குளத்துக்குப் போகிற ஒரு பெண் இடம் தந்து ஒதுங்கினார். அதற்கு முன் நான் நின்றபோது பூனைப் பையைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்தார், சேற்றுச் சில்லுக்குக் கீழே தன் துவாயை விரித்து. இன்னும் தரவில்லை. "பிள்ளையின்ர பையோ?"

"இல்லை, என்ர. பிள்ளை தெரிஞ்செடுத்துத் தந்தது."

இன்று காலை எழுப்பாமல் வர நினைத்தேன். செருப்பைப் போடும்போது பின்னால் காலடி. தலை முழுக்கக் கலைந்து, அரை நித்திரையில், கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது கத்தினாள்:

"அம்மா, போட்டு வாங்கோ! வீட்டுவேலை செய்தனீங்களோ?"

செய்யவில்லை.