வின்ஃபோர்டின் ஏழாம் அத்தியாயம்

கிழக்குத் தாம்பரம்
3 நவம்பர் 2025

அன்புள்ள பத்ரிநாராயணன்,

என் கணவர் எழுதிய புத்தகத்தை நான் திருத்திக் கெடுத்துவிட்டதாகச் சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அமோஸ் வின்ஃபோர்டின் வாழ்க்கை வரலாற்றில் முதல் ஆறு அத்தியாயங்கள் உங்கள் பேராசிரியருடையவை. ஒரு காற்புள்ளியைக்கூட நான் தொடவில்லை. ஏழாவது முழுக்க என்னுடையது.

அந்த அமெரிக்கர் வழக்கறிஞராக ஏழைகளுக்கு வாதாடியது, உள்நாட்டுப் போரில் இடது கையை இழந்தது வரை என் கணவர் ஆசையாக எழுதினார். பிறகு மாநிலச் சட்டமன்றத்தில், தன்னோடு சேர்ந்து போரிட்ட கறுப்பின வீரர்களுக்கே ஓட்டுரிமை கூடாது என்று வின்ஃபோர்ட் வாக்களித்தது தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டார். நான் திறந்தேன்.

உங்கள் சாரின் நினைவுநாளில் நீங்கள் வெளியிடும் புத்தகத்தில் ஏழும் வரட்டும். உங்கள் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்தயம் சாப்பிடுகிறார்களா?

அன்புடன்,
புஷ்பம் சுந்தர்சிங்

மாடம்பாக்கம்
10 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

வலி குறைந்திருக்கிறது. நீங்கள் சொன்னதாகச் சொன்னால்தான் வெந்தயத்தைத் தொடுகிறார்.

ஏழாம் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கவில்லை. கோபிக்காதீர்கள். சாரின் படத்துக்கு மாலை போட்டு, அவரைப் பற்றி நல்லதே பேசும் கூட்டம். அன்று கையில் தரும் புத்தகத்தில் இறந்துபோன ஒருவரைக் குறை சொல்வது நன்றாக இராது. உங்கள் மகன் ஜெஃப்ரியும் அதை ஒப்புக்கொண்டு சொன்னார்: "நீங்களே அம்மாகிட்ட பேசுங்க சார். நான் சொன்னா சோறு போட மாட்டாங்க."

அட்டையில் சாரின் பெயர் இருக்கும். முன்னுரையில் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

பணிவுடன்,
பத்ரிநாராயணன்

கிழக்குத் தாம்பரம்
14 நவம்பர் 2025

பத்ரிநாராயணன்,

ஜெஃப்ரிக்குச் சோறும் போட்டேன், பதிலும் சொன்னேன்.

குறை பேசாதிருப்பது உங்கள் சாருக்குச் செய்யும் மரியாதை. வின்ஃபோர்ட் நமக்கு உறவில்லை. அவருக்கு நாம் இரங்கல் கூட்டம் நடத்தவில்லை. போன கையைப் பற்றி ஆறு அத்தியாயம் எழுதிவிட்டு, மிச்சமிருந்த கையால் யாருக்குக் கதவை அடைத்தார் என்று சொல்லாமல் விட்டால் அது வரலாறா?

உங்கள் சார் நிறுத்தியது அந்த மனிதர்மேல் இருந்த பிரியத்தால். "நீங்க எழுதலைன்னா நான் எழுதுவேன்" என்று அப்போதே சொன்னேன். "எழுதேன், யாரு வேணாம்னா?" என்றார். முடிக்கும்போது படிக்க அவர் இல்லை.

நன்றி எனக்கு வேண்டாம். அட்டையில் இரண்டு பெயர், உள்ளே ஏழு அத்தியாயம். முடியாதென்றால் ஆறையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கேக்கும் காபியும் சாப்பிட்டுப் போகட்டும்.

போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறீர்கள். பதிலை எழுதி அனுப்புங்கள்.

புஷ்பம் சுந்தர்சிங்